இரண்டாவது கையெழுத்து

அந்தச் சோதனைத் தாளில் மொத்தம் முப்பத்தோரு வரிகள். முன் பிரேக், பின் பிரேக், செயின் தொய்வு, டயர் தேய்மானம், ஆயில் போல்ட் கழன்றுவிடாமல் கம்பி போட்டு முறுக்கியாயிற்றா, ரேடியேட்டரில் கூலன்ட்டைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றியாயிற்றா, விளக்குகளையும் பக்கக் கண்ணாடிகளையும் கழற்றியாயிற்றா என்று கேட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம். எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு கோடுகள். முதல் கோட்டில் வேலை செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டாவதில் சரிபார்த்தவர்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் முதல் கோட்டில் வலது கையால் கையெழுத்துப் போட்டான். பிறகு பேனாவை இடது கைக்கு மாற்றி, நாற்காலியில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, இரண்டாவது கோட்டில் கோணல்மாணலாக இன்னொன்று போட்டான். மூன்று வருஷப் பழக்கத்தில் அந்த இடது கைக் கையெழுத்துக்கும் ஒரு லட்சணம் வந்துவிட்டிருந்தது. கடைசியில் வால் மாதிரி ஒரு சுழி. அந்தச் சுழி வலது கைக்கு வராது.

அது மச்சானின் கையெழுத்து. மச்சான் என்று யாரும் கிடையாது.

முறையாகச் சொல்வதானால் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். அறுநூறு சிசி ஸ்போர்ட்ஸ் பைக். ஆயிரம் சிசி வாங்கத் துணிச்சல் இல்லை, முந்நூறோடு நின்றுவிட மனசும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது இது. முதல் சொந்தக்காரர் ஒரு வளைவில் விழுந்து எழுந்து, போதுமடா சாமி என்று பெரிய கும்பிடு போட்டுக் கைமாற்றிவிட்டுப் போனது. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. தெருவில் ஒரு நிமிஷம்கூட ஓட்ட முடியாது; ரேஸ் ட்ராக்குக்குக்கூடக் காருக்குப் பின்னால் ட்ரெய்லரில்தான் போகும். வருஷத்தில் எட்டு நாள் ட்ராக்கில் ஓடும். மற்ற நாளெல்லாம் அவன் அறையை ஒட்டிய தகர ஷெட்டில், முன்னும் பின்னும் ஸ்டாண்ட் போட்டு, இரண்டு சக்கரமும் தரையில் படாமல் நிற்கும். எட்டு நாள் ஓட்டுவதற்கு வருஷம் முழுக்கத் துடைக்கிறான் என்று மாடி வீட்டுக்காரர் சொல்வார். அது கேலிதான், ஆனால் கணக்கு சரி.

அவன் வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி ஓரம் தேய்த்துப் பொருத்துவது. கடையின் முன்புறம் ஆட்கள் வருவார்கள், புது ஃபிரேமைப் போட்டு முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் தங்களையே பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். பின்னறையில் இயந்திரத்தின் இரைச்சலும், சொட்டும் தண்ணீரும், நடுவில் மைப்புள்ளி வைத்த லென்ஸ்களும்தான். கடைக்காரர் கதவை முழங்கையால் தள்ளி ட்ரேயை வைத்துவிட்டுப் போவார். வேண்டியதெல்லாம் ட்ரேயில் உள்ள சீட்டில் எழுதியிருக்கும், பேச ஒன்றும் இருக்காது. கடை மூடியபின் அவன் வாயைத் திறப்பது சாப்பிடவும் பல் தேய்க்கவும்தான்.

அம்மா வேறு ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். வாரம் ஒரு தரம் போன் வரும்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்மா.”

“அந்தச் சனியனை வித்துத் தொலைச்சியா?”

“பாத்துட்டிருக்கேன்மா.”

பின்னால் அண்ணன் ஏதோ சொல்வது கேட்கும். போனை வாங்கிப் பேச மாட்டான். கைகால் உடைந்தால் வந்து பார்க்கப்போவது யார் என்று ஒருமுறை கேட்டதோடு அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

முதல் தடவை ட்ராக்குக்குப் போனபோது அவன் தாளில் இரண்டாவது கோட்டைக் காலியாகத்தான் விட்டிருந்தான். சோதனை மேஜையில் இருந்த பெண்மணியை எல்லாரும் மேடம் என்பார்கள். பஸ் டிப்போவில் இருபத்தாறு வருஷம் பிரேக் பிரிவில் இருந்தவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சரிபார்த்தது யாரு?”

“நான்தான் மேடம். வேலையும் நான்தான். தனியாத்தான் இருக்கேன்.”

“தனியா இருக்கிறதைப் பத்தி நான் கேக்கலப்பா. செஞ்ச கண்ணே திரும்பப் பாத்தா, செஞ்சதைத்தான் பாக்கும், விட்டதைப் பாக்காது. மெக்கானிக் வேணும்னு யாரு சொன்னா? போல்ட்டைத் தொட்டுப் பாக்க இன்னொரு ஆள் போதும்.”

அன்று வண்டியை இறக்காமலேயே திரும்பி வந்தான். வழி நெடுக அந்த ‘இன்னொரு ஆள் போதும்’ காதில் ஒலித்துக்கொண்டே வந்தது. ஏதோ எளிதில் கிடைக்கிற சாமானைச் சொல்வதுபோல அல்லவா சொல்லிவிட்டார்!

அவன் தேடாமல் இல்லை. கடையில் முன்புறம் இருக்கும் பெண்ணிடம் கேட்டான். “ஐயோ அண்ணா, எனக்கு சைக்கிள் பெல் அடிச்சாலே தூக்கிவாரிப் போடும், ஆளை விடுங்க” என்று ஓடிவிட்டாள். மாடி வீட்டுக்காரர் தாளை வாங்கி முழுசாகப் படித்தார். அவனுக்கு நம்பிக்கை வந்தது. “நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் பேரும் இதுல இருக்குமே தம்பி” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குமேல் கேட்க அவனுக்கு ஆள் தெரியவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். இரண்டாவது விரலோடு நின்றுவிட்டது.

அடுத்த தடவை இடது கையால் போட்டான்.

“இது யாரு?” என்றார் மேடம்.

“மச்சான்” என்று வந்துவிட்டது வாயில். ஏன் அந்த வார்த்தை வந்தது என்று அவனுக்கே தெரியாது. அக்கா இல்லை, தங்கை இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. மச்சான் மட்டும் வந்து சேர்ந்துவிட்டான்.

வந்தவன் சும்மா இருக்கவில்லை. ‘மச்சான் வரலையா?’ என்று யாராவது கேட்பார்கள். ஷிஃப்ட் என்பான். அப்படியானால் ஏதாவது தொழிற்சாலையில் வேலை இருக்க வேண்டும்; மச்சானுக்கு ஒரு பாட்டில் மூடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஏன் ஒருநாள்கூட லீவு போட்டு வரமாட்டேன் என்கிறான்? முதுகுவலி, நெடுந்தூரம் உட்கார்ந்து வர முடியாது. ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று என்று நினைத்துத்தான் அவன் சொன்னான். ஆனால் ட்ராக்கிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், ‘வலது வளைவில் இன்னும் சீக்கிரம் பிரேக்கை விட்டிருக்கலாம், இல்லையா மச்சான்?’ என்று ஒருநாள் சத்தமாகவே கேட்டுவிட்டான். கேட்டபின் காரில் ரேடியோவைப் போட்டுக்கொண்டான்.

ட்ராக்கில் அவனுக்கு இரண்டு பேர் பழக்கம். பக்கத்து ஷெட் பல் டாக்டருடையது. அதற்கடுத்தது ஒரு வெல்டருடையது. டாக்டர் வண்டியை அவருடைய கிளினிக் உதவியாளர் சரிபார்ப்பார். வெல்டர் வண்டியை அவர் மனைவி. வெல்டர் தரையில் குந்திக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகத் தொட, அவள் நின்றபடி தாளை உரக்கப் படிப்பாள். ஒரு வரியைத் தாண்டினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வைப்பாள். லென்ஸ் வேலை என்று தெரிந்த நாளிலிருந்து வெல்டர் அவனைக் கண்ணாடி என்றே கூப்பிட்டார். “வண்டியில கண்ணாடியே இருக்கக் கூடாதுங்கிற இடத்துல கண்ணாடின்னு ஒருத்தன்” என்று சொல்லித் தானே சிரிப்பார். அவர்களிடம் கையெழுத்துக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். பழக்கமாவதற்குள் மச்சான் வந்துவிட்டான். இருக்கிற மச்சானை வைத்துக்கொண்டு வேறு ஆளிடம் எப்படிப் போய்க் கேட்பது?

ஒரு விஷயத்தை அவனுக்காகச் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் அவன் ஏமாற்றவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கையைக் கழுவி, சட்டை மாற்றி, பதினைந்து நிமிஷம் தெருவில் நடந்துவிட்டுத் திரும்பி வருவான், மச்சானாக. டார்ச்சை எடுத்துக்கொண்டு முப்பத்தோரு வரியையும் புதிதாகப் பார்ப்பான். மச்சான் கறாரான ஆள். ‘இதென்ன, செயின்ல இவ்வளவு கிரீஸ்? காசு கொட்டிக் கிடக்கோ?’ என்று முணுமுணுப்பான். ஒருமுறை பின் அச்சில் பூட்டு ஊசி மாட்டாமல் விட்டிருந்ததை மச்சான்தான் கண்டுபிடித்தான். அப்படி ஒரு வருஷம். அப்புறம் நடை பத்து நிமிஷமாயிற்று. அப்புறம் சட்டை மாற்றுவது நின்றது. மச்சானுக்குச் சோம்பல் வந்து, எப்போது வேலையை விட்டான் என்று சொல்ல முடியாதபடி விட்டுவிட்டான். கையெழுத்து மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மற்ற சனிக்கிழமை மாதிரி இல்லை. இரண்டாம் குழுவில் மூன்று வருஷம் ஓட்டியபின் அவனை முதல் குழுவுக்கு ஏற்றியிருந்தார்கள். போன தடவை பயிற்சியாளர் இரண்டு சுற்று அவன் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டு, பட்டியலில் மாற்றி எழுதிவிட்டுப் போயிருந்தார். டாக்டரும் வெல்டரும் இருக்கும் அந்த முதல் குழுவில் அவனோடு சேர்த்துப் பன்னிரண்டே பேர். வேகம் பெரிய விஷயமில்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் நேர்கோட்டின் முடிவில் ஒருவர் பின்னால் ஒருவர், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரே இடத்தில் பிரேக் பிடிப்பார்கள். முன்னால் போகிறவன் வண்டியை நம்பாமல் அப்படிப் போக முடியாது. ஓட்டி முடித்ததும் அவர்கள் கடைசி ஷெட்டில் உட்கார்ந்து, கைகளை வண்டி மாதிரி சாய்த்துச் சாய்த்துப் பேசுவதை அவன் மூன்று வருஷமாகத் தூரத்திலிருந்து பார்த்து வந்தான். இன்று சாயங்காலம் அங்கே அவனும் உட்காரலாம். அந்த வாரம் முழுக்க லென்ஸ் தேய்த்தபோதெல்லாம் அதையேதான் நினைத்தான்: என்ன பேசுவது, எந்த வளைவைப் பற்றி முதலில் கேட்பது.

சோதனை மேஜைக்கு முன் வரிசை நின்றது. மேடம் ஒவ்வொரு வண்டியிலும் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, மனசுக்குத் தோன்றிய இரண்டு போல்ட்டில் மட்டும் தன் டார்க் ரெஞ்சை வைப்பார். அளவு வைத்த ஸ்பானர் அது. போல்ட் சரியான இறுக்கத்தில் இருந்தால் அசையாமல் ‘டக்’ என்று ஒலிக்கும், அவ்வளவுதான்.

“மச்சான் இன்னிக்கும் வரலையா?” என்றார் மேடம், தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

“ஷிஃப்ட் மேடம்.”

“யோவ் கண்ணாடி,” என்று பின்னாலிருந்து வெல்டர் குரல் கொடுத்தார், “நான் கண்ணை மூடுறதுக்குள்ள உன் மச்சானை ஒரு தரம் காட்டிடுய்யா. முதல் குரூப்புக்கு ஏறியிருக்கே, இன்னிக்குக்கூட வரலைன்னா என்ன மச்சான் அவன்?”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் அவர் மனைவி. “வராட்டியும் ஒழுங்காப் பாத்துக் கையெழுத்துப் போடறார்ல்ல. உங்களை மாதிரி ‘எல்லாம் சரியாத்தான் இருக்கும்டி, போட்டுக் குடு’ங்கிறாரா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மேடம் பின் அச்சில் ரெஞ்சை வைத்தார். டக். முன்பக்கம் வந்து, சக்கரத்தட்டைக் கவ்வி வண்டியை நிறுத்தும் இடது பிரேக் காலிப்பரைப் பிடித்திருக்கும் கீழ்ப் போல்ட்டில் வைத்தார்.

டக் என்று கேட்கவில்லை. ரெஞ்ச் நகர்ந்தது. கால் சுற்று. அரைச் சுற்று. முக்கால் சுற்றுக்கு மேல் போய்த்தான் ஒலித்தது. மேடம் மேல் போல்ட்டில் வைத்தார். அதுவும் அப்படியே.

போல்ட் தலையிலிருந்து காலிப்பர் வரைக்கும் அவன் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தான். இறுக்கி முடித்த போல்ட்டுக்கு அடையாளம் அது. கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை என்று அர்த்தம். இப்போது கோட்டின் ஒரு பாதி ஒரு பக்கமும் மறு பாதி வேறு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன.

எப்படி என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. நேற்று மாலை பிரேக் பேடு மாற்றினான். வலது பக்கம் முறையாகக் கையால் திருகி, ரெஞ்சால் இறுக்கி, கோடு போட்டான். பெயின்ட் பேனா காய்கிற நிலையில் இருந்தது. நாலு தரம் உதறியபின்தான் மை வந்தது. வந்த மை நிற்பதற்குள் இடது பக்கத்திலும் இழுத்துவிடுவோம், அப்புறம் இறுக்கிக்கொள்ளலாம், கோடு உடைந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று கையால் திருகியதோடு கோட்டை இழுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரர், தண்ணீர் லாரி வருகிறது, ட்ரெய்லரை எடு என்று கூப்பிட்டார். போய் எடுத்துவிட்டு வந்தான். நாலு போல்ட்டிலும் நாலு கோடு. கோடு இருந்தால் முடிந்தது என்று அர்த்தம். கட்டத்தில் டிக் போட்டான். அடுத்த வரிக்குப் போனான்.

பழைய மச்சான் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பான்.

“நேர்கோட்டு முடிவுல இருநூறுல வந்து பிரேக் பிடிக்கிறே,” என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை. “காலிப்பர் கழண்டு சக்கரத்துல மாட்டிச்சுன்னா நீ மட்டுமா போவே? பின்னாடி பதினொரு பேர் வராங்க.”

“தெரியும் மேடம்.”

“உன்னை நான் ஒண்ணும் சொல்லல. வேலை செய்யறவன் மறப்பான். மறப்பான்னு தெரிஞ்சுதான் ரெண்டாவது கோடு வெச்சிருக்கு. சட்டமும் அதான். தப்பு வந்தா, பாத்தவனுக்குத்தான் தண்டனை.” அவர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துப் போட்டார். “உன் மச்சான் ஒரு வருஷத்துக்கு இங்க எந்த வண்டிக்கும் கையெழுத்துப் போடக் கூடாது. பேரும் போன் நம்பரும் எழுது, நான் பேசிக்கிறேன். நீ வேற ஆளை வெச்சு மொத்த வண்டியும் திரும்பப் பாத்துட்டு வா. பத்து மணிக்குள்ள வந்தா ஓட்டலாம்.”

அவன் படிவத்தைப் பார்த்தான். தப்பித்துவிட்டான் என்று புரியவே கொஞ்ச நேரமாயிற்று. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழி முழுக்க மச்சான் தலையில்.

“கொலைகாரப் பயலா இருப்பான் போலிருக்கே,” என்றார் வெல்டர். இப்போது சிரிப்பில்லை. “தொட்டுக்கூடப் பாக்காம போட்டிருக்கான்யா. நீ இவனை நம்பி ஏறி உக்காந்திருக்கே பாரு. இனிமே அவன் பேச்சே எடுக்காதே.”

“அவன் மேல தப்பில்ல,” என்று சொல்லிவிட்டான் கண்ணாடி.

“பின்ன யார் மேல?”

பல் டாக்டர் முன்னால் வந்தார்.

“மேடம், அந்த ஆளுக்கு முதுகு சரியில்ல. குனிஞ்சு பாத்திருக்க முடியாது. ஒரு வருஷம்னு போடணுமா?” மச்சானுக்காக வாதாடினார் அவர்! பார்த்திராத ஆளுக்காக. பிறகு அவன் தோளைத் தட்டினார். “வா, நான் பாக்கறேன். மணி எட்டரைதான் ஆகுது.”

ஷெட்டில் டாக்டர் வண்டிக்கு முன் மண்டியிட்டார். லெதர் உடையின் மேல்பாதியை அவிழ்த்து இடுப்பில் கட்டியிருந்தார். மேடம் கொடுத்த புதுத் தாளின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். பல்லைத் தட்டிப் பார்க்கிற மாதிரியே ஒவ்வொரு போல்ட்டையும் விரல் நுனியால் தொட்டார்.

“இந்தக் கம்பி முறுக்கு நீ பண்ணினதா?”

“ஆமா டாக்டர்.”

“என்னடா இது, நகைக்கடை வேலை மாதிரி இருக்கு!”

அவன் பக்கத்தில் குந்தியிருந்தான். மூன்று வருஷத்தில் அந்த வண்டியின் அடிப்பக்கத்தை வேறு யாரும் பார்த்ததில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் கைபோகாத மூலையில்கூட அவன் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்திருந்தான். டாக்டர் டார்ச்சை அங்கேயும் அடித்துப் பார்த்து, ‘ம்’ என்றார். அந்த ‘ம்’ அவனுக்கு எங்கேயோ போய்ப் பட்டது. செயினைத் தூக்கிப் பார்த்தார். டயரை உள்ளங்கையால் தடவினார். வலது காலிப்பரில் ரெஞ்சை வைத்து டக், டக் என்று கேட்டபின், அவனையே இடது பக்கத்தைத் தளர்த்தி மறுபடி இறுக்கச் சொல்லி, பிறகு தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். நாற்பது நிமிஷமாயிற்று. இந்த நாற்பது நிமிஷத்துக்காகவா மூன்று வருஷம்? கேட்டிருந்தால் இவர் முதல் நாளே உட்கார்ந்திருப்பார்.

“முப்பத்தொண்ணும் சரி,” என்று டாக்டர் எழுந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். “நீ அந்தப் படிவத்தை எழுதிட்டியா? மச்சான் நம்பர் என்ன?”

அதைப் பற்றியும் அவன் யோசித்துத்தான் வைத்திருந்தான். மச்சான் நம்பரை மாற்றிவிட்டான் என்று சொல்லலாம். வெளிநாடு போய்விட்டான் எனலாம். செத்துப் போய்விட்டான் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதும் நிஜமாகவே யாரோ செத்த மாதிரி இருந்தது. டாக்டர் தாளை வண்டியின் சீட்டில் வைத்து, இரண்டாவது கோட்டுக்கு மேல் பேனாவைக் கொண்டுபோனார்.

இவர் பெயர் இனி இந்தத் தாளில் இருக்கும். காலையில் கொடுத்த தாளில் இருந்ததோ இவர் யாருக்காக வாதாடினாரோ அந்த ஆள், இல்லவே இல்லாத ஆள்.

“டாக்டர், போடாதீங்க.”

“ஏன்டா?”

“மச்சான்னு யாரும் இல்ல டாக்டர். ரெண்டும் நான் போட்டதுதான். எல்லாத் தாளும்.”

வாசலில் நின்ற வெல்டர் சிரிக்க ஆரம்பித்து, டாக்டர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டாக்டர் பேனாவை மூடினார். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

“போன வருஷம் மச்சான் முதுகுக்குன்னு ஒரு ஆயின்மென்ட் குடுத்தேனே?”

“எனக்குத்தான் போட்டுக்கிட்டேன்.”

“வலி இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அதைச் சொல்லியிருந்தா உனக்கே குடுத்திருப்பேனேடா.”

டாக்டர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் தாளை மடித்து அவன் கையில் கொடுத்தார். “மேடத்துக்கிட்ட நீயே போய்ச் சொல்லு” என்றுவிட்டுத் தன் ஷெட்டுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கையுறையைத் தேட ஆரம்பித்தார். கையுறை அவர் எதிரேயே மேஜைமேல் இருந்தது.

மேடம் முழுவதையும் கேட்டார். குறுக்கே ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “முதல் வருஷம் உண்மையிலேயே சட்டை மாத்திட்டு வந்து பாத்தியா?”

“பாத்தேன் மேடம்.”

அவர் படிவத்தில் மச்சான் என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு அவன் வண்டி எண்ணை எழுதினார். “பொய்க் கையெழுத்துக்கு ஒரு வருஷம் தடை. வண்டிக்கும் சேத்து. இதுல நான் பாத்துச் செய்ய ஒண்ணும் இல்ல.”

“சரிங்க மேடம்.”

“அடுத்த வருஷம் வருவியா?”

“தெரியல மேடம்.”

அது பணிவுக்குச் சொன்ன பதில் அல்ல. உண்மையிலேயே தெரியவில்லை. மூன்று வருஷமாக எந்தக் கேள்விக்கும் முன்கூட்டியே ஒரு பதில் தயாராக வைத்திருந்தவனுக்கு, தெரியாது என்று சொல்வது புதிதாக இருந்தது.

வண்டியைத் தனியாக ட்ரெய்லரில் ஏற்றினான். அதற்கு அவன் ஒரு முறை வைத்திருந்தான். பலகையின் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு, அதில் ஏறியபடி, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு, வண்டியை அதன் பலத்திலேயே நடத்திக் கொண்டுபோவது. வெல்டர் இரண்டு அடி எடுத்து வைத்தார், உதவிக்கு. பிறகு என்ன நினைத்தாரோ, நின்றுவிட்டார். அவர் மனைவி மட்டும் வந்து, பலகை நகராமல் காலால் மிதித்துக்கொண்டு நின்றாள். வண்டி ஏறியதும் போய்விட்டாள்.

பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி முதல் குழுவைக் கூப்பிட்டது. எண்களை வரிசையாகப் படித்தார்கள். பட்டியலை யாரும் திருத்தவில்லை போலிருக்கிறது. பன்னிரண்டாவதாக அவன் எண்ணும் வந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அவன் எண் மட்டும் வந்தது. முதல் குழுவில் அவன் எண்ணைப் படித்து அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டபோது, பாவம், பதினொரு பேரும் எஞ்சினை ஓடவிட்டு நிற்பார்களே என்று தோன்றியது. பட்டையை விட்டுவிட்டு வேகமாக நடந்தான், கடைசியில் ஓடினான்.

வாயிற்காவலர் அட்டையும் பென்சிலுமாக நின்றார்.

“நாப்பத்தாறு வரமாட்டான்.”

“யாரு சொல்லி அனுப்பினா?”

“யாரும் இல்ல. நான்தான் நாப்பத்தாறு.”

காவலர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஹெல்மெட் இல்லாமல் அவனை அவர் பார்த்ததே இல்லை. “என்னப்பா, உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். அனுப்பிடுங்க.”

பென்சில் ஒரு கோடு இழுத்தது. வாயில் திறந்தது. பதினொரு வண்டியும் ஒவ்வொன்றாக அவனைக் கடந்து போயின. மூன்றாவது வெல்டர், ஏழாவது டாக்டர். யாரும் தலையைத் திருப்பவில்லை. அந்த இடத்தில் தலையைத் திருப்ப மாட்டார்கள், அவனும் திருப்பியதில்லை.

வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். நேர்கோட்டின் முடிவில் வேலிக்கு வெளியே ஒரு புல்மேடு இருந்தது. அங்கே போய் நின்றான். அவர்கள் வரும் சத்தம் முதலில் வந்தது. பிறகு ஒருவர் பின்னால் ஒருவர், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில். ஒரே இடத்தில் எல்லா வண்டியின் மூக்கும் தாழ்ந்தது. எண்ணினான். பதினொன்று. அடுத்த சுற்று, பதினொன்று. அதற்கடுத்தது, பதினொன்று.

ஐந்தாவது சுற்றில் பத்துதான் வந்தன. அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். போனவர்களில் யார் இல்லை என்று பார்க்கத் தவறிவிட்டது. யாராவது விழுந்தால் காட்டும் மஞ்சள் கொடி ஏதும் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தான். பிறகு ஒற்றையாக ஒரு சத்தம், பதினொன்றாவது, டாக்டர்தான்; எங்கோ அகலமாகப் போய்ப் புல்லில் இறங்கி ஏறியிருக்க வேண்டும், பின் டயரில் மண் ஒட்டியிருந்தது. வண்டி நேராகத்தான் போயிற்று. அவன் கம்பியிலிருந்து கையை எடுத்தான். உள்ளங்கையில் கம்பியின் தடம் பதிந்திருந்தது.

கடைசிச் சுற்றுக்கான கொடி காட்டும்வரை எண்ணிக்கொண்டே இருந்தான். எல்லாரும் வேகத்தைக் குறைத்து உள்ளே திரும்பினார்கள். கடைசி வண்டியும் வளைந்து மறைந்த பிறகு, ‘பதினொண்ணு’ என்றான். சத்தமாகத்தான் சொன்னான். புல்மேட்டில் வேறு யாரும் இல்லை. ட்ரெய்லரில் இன்னும் ஒரு பட்டை இறுக்காமல் இருந்தது ஞாபகம் வந்து, இறங்கி நடந்தான்.